குழாயைத் திறந்தால் கடல் தண்ணீர்! வாண்டர்பில்ட் குடும்பத்துக் காசு எங்கே போனது?

வணக்கம் நண்பர்களே! ஒரு குளியல் தொட்டி, அதற்கு நான்கு குழாய்கள். இரண்டில் நல்ல தண்ணீர். மற்ற இரண்டில்? கடல் தண்ணீர், அதிலும் சூடாக ஒன்று, குளிராக ஒன்று! கொல்லைப்புறத்திலேயே அட்லாண்டிக் கடல் கிடக்கும்போது இது எதற்கு என்று கேட்கக்கூடாது. இது வாண்டர்பில்ட் வீடு.

முன்கதையை வேகமாக ஓட்டிவிடுவோம். கொர்னேலியஸ் வாண்டர்பில்ட், 1794இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் பிறந்தவர். 16 வயதில் அம்மாவிடம் 100 டாலர் கடன் வாங்கிப் படகு ஓட்டினார். அப்புறம் நீராவிக் கப்பல், அப்புறம் ரயில். 1877இல் கண்ணை மூடியபோது சொத்து சுமார் 10 கோடி டாலர். உருப்படமாட்டான் என்று அவர் நினைத்த மூத்த மகன் வில்லியம், ஒன்பதே ஆண்டுக்குள் அதை 20 கோடியாக்கினார்.

பேரன்கள் வந்தார்கள். இனிமேல்தான் கச்சேரி!

மூத்த பேரன் இரண்டாம் கொர்னேலியஸ். நியூபோர்ட் என்ற அமெரிக்கக் கடற்கரை ஊரில் இருந்த அவருடைய கோடை வீடு 1892இல் எரிந்துபோனது. அதே இடத்தில் 1895இல் 70 அறைகளோடு 'பிரேக்கர்ஸ்' எழுந்தது. மறுபடி தீப்பிடிக்கக் கூடாதென்று கொதிகலனைக்கூட வீட்டைவிட்டுத் தள்ளி, மண்ணுக்கடியில் வைத்தார்கள்.

(திரையில்: பளிங்குத் தொட்டி, நெருக்கத்தில்)

இதோ நம் தொட்டி. ஒரே பளிங்குக் கல்லில் குடைந்தது. வெந்நீர் விட்டால் கல்லே சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அதனால் வெந்நீரை நிரப்பு, திறந்துவிடு, மறுபடி நிரப்பு என்று பல தடவை. கல் சூடேறிய பிறகுதான் ஐயா குளியல்! நம் வீட்டில் ஹீட்டரை அணைக்க இரண்டு நிமிடம் தாமதித்தால் என்ன பேச்சு விழும்?

1896இல் அவருக்குப் பக்கவாதம், 1899இல் மரணம். புது வீட்டில் நல்ல உடம்போடு கழித்தது ஒரே ஒரு கோடை.

மகன் ரெஜினால்ட் சூதாட்டத்தில் விட்டது தனிக்கதை. (சிஎன்என்னில் செய்தி சொல்லும் ஆண்டர்சன் கூப்பர் அவருடைய பேரன்தான்.) ஆனால் என்னைக் கேட்டால், சூதாட்டத்தைவிட அதிகம் தின்றது கல்தான். தாத்தா போட்ட காசு கப்பலாகவும் ரயிலாகவும் ஓடிச் சம்பாதித்தது. பேரன்கள் போட்டது நின்ற இடத்தில் நின்று செலவு வைத்தது. பிரேக்கர்ஸ் கட்டச் சுமார் 70 லட்சம் டாலர். 1972இல் வாரிசுகள் விற்ற விலை 3,65,000! வாங்கியது ஊரின் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம். இன்று டிக்கெட் எடுத்தால் யாரும் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாம். குளிக்கத்தான் விடமாட்டார்கள்.

இரண்டாம் கொர்னேலியஸின் தம்பி ஜார்ஜ் வட கரோலினாவில் கட்டிய 250 அறை பில்ட்மோர் மட்டும் இன்னும் வாரிசுகள் கையில் இருக்கிறது. அதுவும் டிக்கெட் விற்றுத்தான்! அந்தக் கதை வேண்டுமா? கமெண்டில் 'பில்ட்மோர்' என்று போடுங்கள், அடுத்த வீடியோ அதுதான்.