குணமா, குடியா?

நேயர்களுக்கு வணக்கம். நான் மனநல மருத்துவர். என் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடக்கிறது. 25 வருடத்தில் நான் கற்றதில் பாதி, அதில் உட்கார்ந்தவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுக் கற்றதுதான்.

ஒருநாள் காலையில் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு லாரி டிரைவரை அழைத்து வந்தார்கள். பெஞ்சின் ஒரு முனையில் அவருடைய அம்மா, மறுமுனையில் மனைவி. அம்மா சொல்கிறார்: "அவன் பொறப்பே அப்படிங்க சார், அப்பன் குணம் அப்படியே வந்திருக்கு." மனைவி சொல்கிறார்: "குடிக்காத அன்னைக்கு அவரு தங்கம் சார்." இந்த இரண்டில் எது சரி? குணமா, குடியா? தருமபுரியில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்.

எங்கள் புத்தகங்களில் இவை இரண்டும் தனித்தனி அத்தியாயங்கள். குடிக்கு, 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்கக் கையேடு 11 அறிகுறிகள் சொல்கிறது. நினைத்ததைவிட அதிகமாகக் குடிக்கிறாரா, விடப் பார்த்தும் முடியவில்லையா, வேலை கெடுகிறதா, முன்பு குவார்ட்டரில் ஏறியது இப்போது ஆஃபில்தான் ஏறுகிறதா, இப்படி. ஒரு வருடத்துக்குள் 2 இருந்தாலே கோளாறுதான். 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் தீவிரம். கவனியுங்கள், எத்தனை மில்லி குடிக்கிறார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. "நான் பீர் மட்டும்தான் சார்" என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆளுமைக் கோளாறு வேறு விஷயம். அதில் 10 வகை உண்டு. ஓயாத சந்தேகம், யாரையும் ஏமாற்றக் கூசாத மனம், ஒரே நாளில் தலையில் தூக்கி வைத்து அன்று மாலையே கீழே போடும் உறவு, இப்படி. வகை எதுவானாலும் அது இளவயதிலேயே தலைகாட்டிவிடும். வீடு, வேலை, சொந்தபந்தம் என்று எங்கும் கூடவே வரும். போதையில் மட்டும் வருவதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் நான் முதலில் கேட்பது, "15 வயதில் இவர் எப்படி இருந்தார்?"

டிரைவருக்கு வருவோம். அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். போட்ட அன்றே குடியை அடியோடு நிறுத்திவிட்டார். பத்து வருடம் தினமும் குடித்தவர். கை நடுங்குகிறது என்றுதான் அழைத்து வந்தார்கள், வார்டில் சேர்த்தோம். மாலை போட்டு மூன்றாம் நாள் ராத்திரி அது. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிக்கிறார். இடது கை கியர் போடுகிறது. வேர்வை கொட்டுகிறது. இல்லாத கிளீனரைப் பார்த்து, "ஓரம் பாருடா, பிரேக் பிடிக்கல!" என்று கத்துகிறார். தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தார் மனிதர்.

அம்மா விபூதிக்கு ஓடினார். பூசட்டும் என்றேன், ஊசியும் போட்டோம். பேயும் இல்லை, அப்பன் குணமும் இல்லை. வருடக்கணக்கில் சாராயத்துக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றதும் தறிகெட்டு ஓடுகிறது. டிலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். நிறுத்திய இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பெரும்பாலும் வரும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். மாலை போடுங்கள், கோவிலில் கயிறும் கட்டுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் தினமும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். இன்னொரு தடவை சொல்கிறேன், நிறுத்துவதற்கு முன்.

ஒரு பழைய கதை, என்னால் சொல்லாமல் இருக்க முடியாது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அன்றைக்கு நம் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம்தான். அவர் பிறந்த தொரப்பள்ளியும் ஓசூர் பக்கம்தானே. கடையை மூடலாமா என்று நம் ஊரில் மூன்று தலைமுறையாகப் பேசுகிறோம். பேசுவோம். ஆனால் குடித்தால்தான் வாய் திறக்கும் என்றிருக்கிற மனிதனை என்ன செய்வது?

நம் டிரைவர் அந்த ரகம். மூன்று மாதம் கழித்து மனைவி வந்தார். "இப்ப பேசவே மாட்டேங்கிறாரு சார்." அப்போதுதான் 15 வயதுக் கதை வந்தது. வாத்தியார் எழுந்து படிக்கச் சொல்வார் என்று பள்ளிக்கூடத்துக்கே போகாமல் இருப்பாராம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார மாட்டாராம். 19 வயதில் லாரி புக்கிங் ஆபீஸுக்குப் பின்னால் முதல் முறை குடித்திருக்கிறார். "அன்னைக்குத்தான் சார் புரோக்கர்கிட்ட வாடகை பேசினேன்" என்றார். அப்பன் குணமும் இல்லை, தங்கமும் இல்லை, நாலு பேர் பார்த்தாலே கூசுகிற மனம். அது அந்த 10 வகையில் ஒன்றான ஒதுங்கும் ஆளுமைதானா என்று தெளிய எனக்கு இன்னும் ஆறு மாதம் ஆனது. குடித்துக்கொண்டிருக்கும்போது குணத்துக்குப் பெயர் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்குத்தான்.

அப்புறம் அந்தப் பொடி. "அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்" என்று விற்கிறார்களே, அதைத் தொடாதீர்கள். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்பிராம் என்ற மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது. அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் சரியும். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுபவருக்கே நாங்கள் யோசித்துத்தான் கொடுக்கிறோம். களியில் கலந்துவிட்டு அவர் எங்கே விழுவார் என்று…

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கி. ஆளுமைக் கோளாறுக்கு என்ன சிகிச்சை என்று விரிவாக எழுதி வந்திருந்தேன், இரண்டு பக்கம். சுருக்கமாக, குணத்தை மாற்ற என்று தனி மாத்திரை கிடையாது. பேசிப் பேசி, பழக்கிப் பழக்கித்தான் கொண்டுவர வேண்டும், மாதக்கணக்கில். குடிக்கும் குணத்துக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும், ஒன்று முடியட்டும் என்று மற்றதை ஒத்திப்போடக் கூடாது. மருத்துவமனைக்கு வரக் கூச்சமாக இருந்தால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எண் 1-4-4-1-6. எழுதிக்கொண்டீர்களா? 14416. வணக்கம்.