ஃபோல்சமுக்கு முன்னே பிரிஸ்டல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டிலிருந்து வளர்ந்த கண்ட்ரி இசை வரலாற்றின் தலையாய நாள் எது என்பது இன்றைய வழக்கு. 1968 ஜனவரி 13 என்கிறது எதிரணி. கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறைக்குள் சென்று பாடகர் ஜானி கேஷ் கைதிகளுக்காகப் பாடிய நாள் அது. கிளன் ஷெர்லி என்ற கைதி எழுதிய பாடலை அவர் முன்னாலேயே கேஷ் பாடியதை எதிரணித் தலைவர் சொன்னபோது என் கண்ணும் கலங்கியது. ஆனாலும் எங்கள் அணியின் நாள் 1927 ஆகஸ்ட் 1. கார்ட்டர் குடும்பத்தார் பிரிஸ்டலில் பாடிப் பதிவு செய்த நாள் அது.

பிரிஸ்டல் என்றொரு ஊர். அதன் நடுத்தெருவே டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களுக்கு எல்லை. டென்னசிப் பக்கம் இருந்த பழைய தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தின் ரால்ஃப் பீர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து இறங்கியிருந்தார். பாட்டுக்கு 50 டாலர் என்று பேச்சு. வர்ஜீனியாவின் மலையடிவாரத்திலிருந்து சுமார் 25 மைல் கரடுமுரடான பாதையைக் கடந்து மூன்று பேர் வந்தார்கள். ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல். சாராவிடம் கைக்குழந்தை. அவருடைய ஓரகத்தியான மேபெல்லுக்கு வயது 18, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி. வழியில் டயர் வேறு பழுதானது. அந்த நிலையில் ஒரு பெண் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாளே, அதை நினைத்துப் பாருங்கள்!

அன்று நான்கு பாடல்கள் பதிவாயின. முன்னின்று பாடியவர் சாரா. ஏ.பி. இடையிடையே சேர்ந்துகொண்டார், அவ்வளவுதான். சாராவின் குரலைக் கேட்ட உடனேயே தமக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று பீர் பின்னாளில் சொன்னார். முன்பெல்லாம் கூம்புக் குழாய்க்குள் உரக்கக் கத்தினால்தான் இசைத்தட்டில் குரல் விழும். இங்கே இருந்தது மின்சார மைக். வீட்டுத் திண்ணையில் பாடுவதுபோல் சாரா பாடினார். அந்தக் குரல் அப்படியே தட்டில் இறங்கியது.

மேபெல்லின் கிட்டாரையும் கேளுங்கள். அதுவரை பாட்டுக்குத் துணையாகத் தாளம் தட்டி நின்ற வாத்தியம் அது. மேபெல் கட்டைவிரலால் தடித்த நரம்புகளில் மெட்டை வாசித்தார். மற்ற விரல்களால் மெல்லிய நரம்புகளை வருடித் தாளத்தையும் நடத்தினார். ஒரே கிட்டார் இரண்டு பேர் வேலையைச் செய்தது. கண்ட்ரி கிட்டார் கற்பவர்கள் இன்றும் இந்தக் கைவழியைப் பயில்கிறார்கள்.

'இதற்கு முன்பே கண்ட்ரி இசைப் பதிவுகள் வந்தன அல்லவா?' என்று எதிரணி கேட்டது. வந்தன. 1923இல் அட்லாண்டாவில் பிடில் கலைஞர் ஃபிட்லின் ஜான் கார்சனைப் பதிவு செய்தவரும் இதே பீர்தான். முதல் பதிவு என்று நாங்கள் உரிமை கொண்டாடவில்லை. ஆகஸ்ட் 1க்குப் பிறகுதான், தட்டுக்குப் புதுப்பாட்டு வேண்டுமே என்று ஏ.பி. மலைக்கிராமங்களில் பாட்டுத் தேடி அலைந்தார். அவரோடு நடந்த கறுப்பினக் கலைஞர் லெஸ்லி ரிடில் மெட்டுகளை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு வந்தார். ரிடிலின் பெயரை வரலாறு மிகத் தாமதமாகவே சொன்னது; இந்த அவையிலாவது உரக்கச் சொல்லிவிடுகிறேன். பாட்டிகளோடு மண்ணுக்குள் போயிருக்கக்கூடிய பாடல்கள் அப்படித்தான் தட்டில் ஏறின.

ஃபோல்சம் சிறைக்குள் போனபோது கேஷ் பத்தாண்டுக்கும் மேலாக நாடறிந்த பாடகர். சரிந்திருந்த அவர் புகழை அந்த நாள் தூக்கி நிறுத்தியது. பிரிஸ்டல் வந்த மூவரையோ அவர்கள் மலைக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

இன்னும் ஒன்றே ஒன்று, நடுவர் அவர்களே. ஃபோல்சம் மேடையில் கேஷோடு சேர்ந்து பாடிய பெண் யார்? ஏழு வாரத்துக்குள் அவருக்கு மனைவியான ஜூன் கார்ட்டர். பிரிஸ்டலில் மேபெல் வயிற்றில் இருந்தது மூத்த மகள் ஹெலன். அடுத்து 1929இல் பிறந்தவர் இந்த ஜூன். எதிரணி கொண்டாடும் நாளில் எங்கள் மேபெல்லின் மகள்தான் பாடிக்கொண்டிருந்தார். அந்தத் தாய் கிட்டாரோடு வந்த நாளுக்கே தீர்ப்புத் தாருங்கள். நன்றி, வணக்கம்.