பந்தலில் நின்று பார்த்த திருவிழாக்கள்

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியில் பிறந்து வளர்ந்து, மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பயின்றவள் என்ற முறையில், பல இனத்தார் கூடி வாழும் நாட்டின் திருவிழாக்களை அயலூர் மாணவர் எவ்வாறு அணுகலாம் என்பது குறித்துச் சில கருத்துகளைக் கூற விழைகிறேன்.

வெளிநாட்டு மாணவர்களுக்கென்று பல்கலைக்கழகங்களில் கலை விழாக்கள் நடைபெறும். சிங்க நடனம், மலாய் ஆடல், பரதநாட்டியம் என்று மேடையில் வரிசையாக வந்து போகும். கைதட்டிவிட்டு விடுதிக்குத் திரும்பிவிடலாம். அதை நான் குறை கூறவில்லை. எனினும், திருவிழாவுக்கு முந்தைய நாள் வேலைகளில் கை கொடுப்பவருக்குத் தெரிய வருபவை அரங்கில் அமர்ந்திருப்பவருக்கு எட்டுவதில்லை என்பதே என் எண்ணம்.

தைப்பூசத்தையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர்மலை என்று பினாங்குத் தமிழர் அழைக்கும் குன்றின் மேல் உள்ள முருகன் கோயிலுக்கு 513 படிகள் ஏற வேண்டும். பூசத்துக்கு முதல் நாள், வெள்ளி இரதமும், 2017 முதல் முருகனின் வேலாயுதத்தைச் சுமந்து செல்லும் தங்க இரதமும் நகரத்திலிருந்து அடிவாரம் நோக்கிப் புறப்படுகின்றன. வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். அவற்றுள் ஒன்றில் மோர் ஊற்றும் பணி எனக்குக் கிடைத்தது. எதிர்ப்புறக் கடை வாசலில் ஒரு சீனக் குடும்பத்தினர் தேங்காய்களை இடுப்பளவு குவித்து, ஊதுபத்தி ஏற்றிக் காத்திருந்தனர். இரதம் நெருங்கியதும் முதியவர் முதல் சிறுவர் வரை மாறி மாறிச் சாலையில் ஓங்கி அடித்து உடைக்க, தேங்காய்த் தண்ணீர் எங்கள் செருப்புகளை நனைத்துக்கொண்டு ஓடியது. சிதறிய ஓடுகளை மண்வாரி இயந்திரம் கொண்டு ஒதுக்கிய பிறகே இரதம் நகர முடிந்தது. தொழில் செழிக்க வேண்டிக்கொண்டு ஆண்டுதோறும் உடைப்பதாக அந்த வீட்டுப் பாட்டி மோர் வாங்க வந்தபோது கூறினார்.

உதகை மாரியம்மன் தேரின் மீது பக்தர்கள் உப்பு வீசி நேர்த்திக்கடன் செலுத்துவதைக் கண்டு வளர்ந்த எனக்கு, அந்தப் பாட்டியின் வேண்டுதல் அந்நியமாகத் தோன்றவில்லை. அந்தச் சித்திரைத் திருவிழாவும் இன்று ஒரு சமூகத்தாரின் உபயம், நாளை வேறொரு சமூகத்தாரின் உபயம் என்றே நடக்கிறது. தோடரும் கோத்தரும் படகரும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் வாழும் மலை இது. ஆயினும், பேரகணி ஹெத்தையம்மன் விழாவுக்குப் படகர்கள் வெண்ணிற ஆடையில் திரண்டு செல்வதைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போவோர்தாம் நம்மில் மிகுதி.

மலேசியாவில் இந்த இடைவெளியைக் குறைக்க ஓர் ஏற்பாடு உண்டு. அங்குள்ள தமிழர் அதைத் திறந்த இல்ல உபசரிப்பு என்பர். நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரரும், தீபாவளிக்குத் தமிழரும், புத்தாண்டுக்குச் சீனரும் வீட்டைத் திறந்துவைத்துப் பிற இனத்தாரை விருந்துக்கு அழைப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் சாப்பாடாகத் தெரியலாம். அடுக்களைக்குள் போனால்தான் அதிலுள்ள கவனம் புலப்படும். தமிழர் வீட்டில் முஸ்லிம் விருந்தினருக்காக ஹலால் இறைச்சியைத் தேடி வாங்குகிறார்கள். மலாய் வீட்டில் இந்து நண்பர்கள் வருவதை எண்ணி மாட்டிறைச்சி ரெண்டாங் என்னும் தேங்காய்ப்பால் மசாலாக் கறிக்குப் பதில் கோழி ரெண்டாங் சமைக்கிறார்கள். சைவ உணவுக்காரருக்கென்று கரண்டி உட்பட எல்லாம் தனியாக வைக்கும் வீடுகளும் உண்டு.

தோழி ஒருத்தியின் வீட்டில், பெருநாளுக்கு முதல் நாள், கெத்துப்பாட் என்னும் அரிசிப் பண்டத்துக்கான ஓலைக் கூடு பின்ன அமர்ந்தேன். இளந்தென்னங்குருத்தின் இரு கீற்றுகளைக் கைகளில் சுற்றிக்கொண்டு, மேலும் கீழுமாகக் கோத்து இழுத்தால் சிறு கூடு உருவாகும். அதில் பாதியளவு மட்டுமே அரிசி இட வேண்டும். பல மணி நேரம் வேகும்போது அரிசி பருத்து, கூட்டை நிறைத்து, கத்தியால் அறுக்கும் கட்டியாகிவிடும். தென்னையே இல்லாத மலைக்காரிக்கு அந்தப் பின்னல் இலேசில் வசப்படவில்லை. தோழியின் தாயார் அதற்குள் ஒரு கூடையை நிரப்பிவிட்டு, எங்கள் ஊரில் விழாவுக்கு என்ன சமைப்போம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

நம் மலைப்பகுதிக் கல்லூரிகளிலிருந்து அங்கு செல்லவிருக்கும் மாணவர்கள், பருவத்தைத் தேர்ந்தெடுக்குமுன் நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது. தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் அடுத்தடுத்து வரும். புத்தாண்டின் ஒன்பதாம் நாளை ஹொக்கியன் மொழி பேசும் சீனர் கரும்பு வைத்து வழிபட்டு வரவேற்பதைப் பினாங்கில் காணலாம். நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள்கள் முன்னதாக வரும். சூன் தொடக்கம் வரை தங்க முடிந்தவர்கள், சரவாக் மாநிலத்தின் காவாய் அறுவடைத் திருநாளையும் பார்த்துவிட்டு வரலாம். அழைப்பு வந்தால் விருந்து நேரத்துக்கு மட்டும் செல்லாமல், முதல் நாளே வந்து உதவலாமா என்று கேட்டுப் பாருங்கள். வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.