விடுதி மானியமும் காத்திருக்கும் மாதங்களும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

பட்டியல் சாதி மக்களுக்காகப் பள்ளிகளும் மாணவர் விடுதிகளும் நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கு அரசு வழங்கும் மானியம் குறித்துப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டிருந்தார்கள். இத்தகைய சிறிய அறக்கட்டளைகள் சிலவற்றின் கணக்குகளைப் பல ஆண்டுகளாகத் தணிக்கை செய்து வருகிறேன். ஆகவே இதைக் கணக்கேட்டின் பக்கமிருந்து பார்த்தே பழகியவன் நான். அரசு எவ்வளவு கொடுக்கிறது என்பதைப் பற்றித்தான் நாம் பெரும்பாலும் விவாதிக்கிறோம். எப்போது கொடுக்கிறது என்பது அதே அளவுக்கு முக்கியமான கேள்வி. ஒரு வட்டாரத்தில் எந்த நிறுவனம் நிலைத்து நின்று பணி செய்யும், எது இரண்டே ஆண்டுகளில் கதவைச் சாத்தும் என்பதை நடைமுறையில் தீர்மானிப்பது அந்தக் காலக்கணக்குதான் என்பது என் அழுத்தமான கருத்து.

இந்த மானியத்துக்கு நம் மாநிலத்தில் நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாகாண அரசு 1893-ஆம் ஆண்டில், அன்று பஞ்சமர் என்று குறிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்க முன்வருவோருக்குச் சிறப்புச் சலுகைகள் தரும் ஆணை ஒன்றை வெளியிட்டது. பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான கர்னல் ஆல்காட் அடையாற்றில் அப்பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கியது அதற்கு மறு ஆண்டு, 1894-இல். ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்காக உழைத்த துறவி சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விப் பணியைத் தொடங்கியது 1916-இல். தனியார் கொடையும் அரசு உதவியும் சேர்ந்தே இத்தகைய பள்ளிகள் வளர்ந்தன. மாகாணத்தின் பழைய மானிய முறைகளில் ஒன்று, தேர்வில் தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் தருவதாக இருந்தது. அறுவடைக்கும் நடவுக்கும் கூலி வேலைக்குப் போயாக வேண்டிய குடும்பத்துப் பிள்ளைகளை வைத்துப் பள்ளி நடத்தியவருக்கு இந்த முறை எவ்வளவு பாதகமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் நீ செலவழி, பலனைக் காட்டு, பிறகு தருகிறேன் என்னும் அந்த அணுகுமுறை பெயர் மாறி இன்னும் நம்மோடு இருக்கிறது.

பம்பாய் மாகாணத்திலும் இதே நெருக்கடி இருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1924-இல் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, அடுத்த ஆண்டு சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. 1928-இல் அவர் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கான கல்விக் கழகத்தைத் தொடங்கினார். விடுதிகளுக்கு அரசு மானியம் கிடைத்தது; அது போதாமல் நன்கொடைக்காக அவர் பல கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது. அம்பேத்கர் கல்விக்கு முதல் படியாக விடுதியைத் தேர்ந்தெடுத்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. பள்ளி இருக்கும் ஊரில் தங்க இடம் தர எவரும் முன்வராத நிலையில், விடுதி இல்லாமல் அந்தப் பள்ளியால் அப்பிள்ளைகளுக்குப் பயனில்லை.

விடுதலைக்குப் பின், அரசமைப்புச் சட்டத்தின் 46-ஆம் கூறு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் கல்வி, பொருளாதார நலன்களைத் தனி அக்கறையோடு பேணும் கடமையை அரசின்மீது வைத்தது. அதன் வழியில் 1953-54-இல் பட்டியல் சாதியினருக்காகப் பணியாற்றும் தன்னார்வ அமைப்புகளுக்கான மத்திய அரசின் மானியத் திட்டம் தொடங்கியது. இன்று அது சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்தின் பொறுப்பில் உள்ளது. உறைவிடப் பள்ளி, பகல்நேரப் பள்ளி, விடுதி, நடமாடும் மருந்தகம், பத்துப் படுக்கை மருத்துவமனை, கணினிப் பயிற்சி எனப் பலவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. ஒப்புதல் பெற்ற செலவில் 90 விழுக்காடு வரை அரசு தரும். மீதி 10 விழுக்காட்டை நிறுவனம் தானே திரட்ட வேண்டும் என்பதே நெடுங்காலமாக இதன் அடிப்படை விதி. 2022 ஜூன் மாதத்தில் இத்திட்டம் ஷ்ரேஷ்டா என்னும் பெயரில் மாற்றியமைக்கப்பட்டது. நுழைவுத் தேர்வு மூலம் தேர்ந்தெடுக்கப்படும் மாணவர்களைப் பெயர்பெற்ற தனியார் உறைவிடப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் சேர்ப்பது அதன் முதல் பிரிவு. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் உதவுவது இரண்டாம் பிரிவு.

இந்த இரு பிரிவுகளின் தொகைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் என் கவலை புரியும். முதல் பிரிவில் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு ஒன்பதாம் வகுப்பில் 1,00,000 ரூபாயும், பன்னிரண்டாம் வகுப்பில் 1,35,000 ரூபாயும் வரை அரசு செலுத்துகிறது. தொண்டு நிறுவனத்துக்கு, பள்ளியின் அல்லது விடுதியின் வகையைப் பொறுத்து 27,000 முதல் 55,000 ரூபாய் வரை. தேர்வு எழுதி வென்ற பிள்ளைக்கு நல்ல பள்ளி கிடைப்பதை நான் மனமார வரவேற்கிறேன். அந்தத் தொகையில் ஒரு ரூபாயும் குறைய வேண்டாம். ஆனால் நுழைவுத் தேர்வு என்றால் என்னவென்றே அறியாத வீட்டிலிருந்து வரும் பிள்ளையை ஏற்று, சோறு போட்டு, எழுத்தறிவித்து, அந்தத் தேர்வு எழுதும் நிலைக்குக் கொண்டுவருவது யார்? அந்த வேலைக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதி அல்லது அதற்கும் குறைவு என்பதை நியாயமான பங்கீடு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளை அரசே நடத்துகிறதே, விடுதிகளும் இருக்கின்றனவே, தொண்டு நிறுவனங்கள் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. தை மாதம் பிறந்ததும் வட மாவட்டக் கிராமங்களுக்குப் போய்ப் பாருங்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, பாத்திரம் பண்டங்களோடும் பிள்ளைகளோடும் வண்டி ஏறிவிடுகின்றன. பள்ளியாண்டின் நடுவில் அந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் கொடுத்து, நீ இங்கேயே இருந்து படி என்று சொல்ல, ஊரை அறிந்த ஒருவர் வேண்டும். ஜூன் மாதத்தில் நிர்ணயித்த எண்ணிக்கையோடு இயங்கும் அரசு விடுதிக்கு இது எளிதன்று. உள்ளூரில் வேர்விட்ட சிறிய அமைப்பு அதைச் செய்துவிடும். அந்தக் கூடுதல் பிள்ளைக்கான செலவு மானியக் கணக்கில் ஏறாது என்று தெரிந்தே செய்யும்.

இனி மானியம் வரும் வழியைப் பார்ப்போம். நிறுவனம் முதலில் நிதி ஆயோக்கின் தர்ப்பண் என்னும் தொண்டு நிறுவனப் பதிவுத் தளத்தில் பதிவு செய்து தனி அடையாள எண் பெற வேண்டும். பின்பு மானிய விண்ணப்பங்களுக்கான இ-அனுதான் இணையதளத்தில் விண்ணப்பம், தணிக்கை செய்த கணக்கு, ஆண்டறிக்கை, பயனாளிகள் பட்டியல் ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டும். மாவட்ட அளவில் அலுவலர் நேரில் ஆய்வு செய்வார். மாநில அரசின் பரிந்துரை அதன்மேல் செல்லும். அமைச்சகம் பரிசீலித்து ஆணை பிறப்பித்த பின்னரே பணம் வங்கிக்கு வரும். முந்தைய மானியத்தை எதற்காகப் பெற்றோமோ அதற்கே செலவிட்டோம் என்னும் பயன்பாட்டுச் சான்றிதழ் இல்லாமல் அடுத்த ஆண்டுத் தொகை நகராது. இவற்றில் எந்தப் படியையும் நான் தேவையற்றது என்று சொல்லவில்லை. பெயர்ப்பலகை மட்டும் உள்ள விடுதிகளும், வருகைப் பதிவேட்டில் மட்டும் வாழும் மாணவர்களும் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். மக்கள் பணத்துக்குக் காவல் வேண்டும். என் குறை வேறு. ஒவ்வொரு படியிலும் நிறுவனத்துக்குக் கெடு இருக்கிறது; கோப்பு மேசையில் கிடக்கும் நாட்களுக்குக் கெடு இருப்பதாகத் தெரியவில்லை.

இதன் விளைவு கணக்கேட்டில் எப்படி விழுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். ஒரு விடுதியின் ஒப்புதல் பெற்ற ஆண்டுச் செலவு 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி நிறுவனத்தின் பங்கு 1 லட்சம். ஆனால் மானியம் பிப்ரவரியில்தான் வருகிறது என்றால், ஜூன் முதல் ஜனவரி வரை எட்டு மாதச் செலவையும், அதாவது ஏறக்குறைய ஆறரை லட்சத்தையும், நிறுவனம் எங்கிருந்தாவது புரட்டியாக வேண்டும். காகிதத்தில் பத்தில் ஒரு பங்கு கேட்கும் திட்டம், நடைமுறையில் பத்தில் ஆறு பங்குக்கு மேல் கையிருப்பு வைத்திருப்பவரையே உள்ளே விடுகிறது.

நான் தணிக்கை செய்த ஒரு விடுதியின் பேரேட்டில், பலசரக்குக் கடைப் பற்று என்ற தலைப்புக்கு மட்டும் தனிப் பக்கங்கள் ஒதுக்கியிருந்தார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று மாதந்தோறும் கடன் ஏறிக்கொண்டே போகும். விடுதிக் காப்பாளருக்கும் சமையல் செய்யும் அம்மாவுக்கும் சம்பளம் என்ற இடத்தில் "நிலுவை" என்று எழுதியிருக்கும். மானியம் வந்த வாரத்தில் எல்லா வரிகளும் ஒரே தேதியில் தீர்ந்திருக்கும். அந்த மாதங்களில் பிள்ளைகள் ஒரு வேளையும் பட்டினி கிடக்கவில்லை. கடைக்காரரின் பொறுமையும், ஊதியம் இல்லாமல் உழைத்த இருவரின் மனசாட்சியும்தான் அந்த விடுதியை நடத்தின. சமையல் செய்த அந்த அம்மாவும் இந்தத் திட்டம் கைதூக்கிவிட நினைக்கும் அதே சமூகத்தைச் சேர்ந்தவர்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, மானியத் தொகை வங்கியில் இருக்கும்போது கிடைக்கும் வட்டியை நிறுவனம் அரசின் தொகுப்பு நிதிக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். அரசின் பணத்துக்கு வந்த வட்டி அரசுக்கே சேர வேண்டும் என்பது முறைதான். அப்படியானால், மானியம் தாமதமானதால் நிறுவனம் வெளியில் கடன் வாங்கிக் கட்டிய வட்டி யாரைச் சேரும்? மானியம் ஏற்கும் செலவு இனங்களில் அதற்கு இடமில்லை. அதை நன்கொடையில் ஈடுகட்டுகிறார்கள். நன்கொடை இல்லாதவர்கள் தங்கள் வீட்டு நகையில் ஈடுகட்டுகிறார்கள்.

காத்திருக்க வசதி உள்ளவர் யார் என்ற கேள்வி நம்மைச் சாதிக்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. நிலம், கட்டடம், வெளிநாட்டு நன்கொடை, நகரத்தில் அலுவலகம், ஆங்கிலத்தில் கோப்பு தயாரிக்கும் ஊழியர் ஆகியவை உள்ள நிறுவனங்கள் எட்டு மாதத்தைக் கடந்துவிடும். சேரித் தெருவில் படித்து வந்த நான்கு இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய அறக்கட்டளையால் முடியாது. 1932 நவம்பரில், வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்த அம்பேத்கர், காந்தியடிகளின் முன்முயற்சியில் உருவான தீண்டாமை எதிர்ப்பு லீக்கின் செயலாளர் ஏ. வி. தக்கருக்கு எழுதிய கடிதத்தில், அந்த அமைப்பின் ஊழியர்களை ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்தே எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பின்னாளில் அரிசன சேவா சங்கம் என்று பெயர் பெற்ற அந்த அமைப்போடு அவருக்கு ஏற்பட்ட முரண்பாட்டின் மையத்தில் இருந்ததும், தொண்டு யார் கையில் இருக்க வேண்டும் என்ற இந்தக் கேள்விதான். பயனாளிகளில் இத்தனை விழுக்காட்டினர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும் என்று விதி கணக்கிடுகிறது. நிர்வாகக் குழுவிலும் அதே கணக்கைப் பார்த்து, அம்மக்களே பொறுப்பில் இருக்கும் அமைப்புகளுக்கு முன்னுரிமை தருவதுதான் முறை.

இதற்குச் செய்ய வேண்டியவை பெரிய சட்டத் திருத்தங்கள் அல்ல. ஒருமுறை ஆய்வு முடிந்து, கணக்கிலும் குறை இல்லாத நிறுவனத்துக்கு, ஆண்டுத் தொகையில் பாதியைப் பள்ளி திறக்கும் முன்பே முன்பணமாக விடுவிக்கலாம். ஆய்வைப் பின்னர் நடத்தி இரண்டாம் தவணையைச் சரிசெய்துகொள்ளலாம். குறை கண்டால் நிறுத்திவைக்கவும் வசூலிக்கவும் விதிகளில் அதிகாரம் இருக்கிறது. மாவட்ட ஆய்வறிக்கைக்கும் மாநிலப் பரிந்துரைக்கும் நாள் குறித்து, அந்த நாள் தவறினால் எந்த மேசையில் கோப்பு நிற்கிறது என்பதை அதே இணையதளத்தில் அனைவரும் காணும்படி செய்யலாம். மூன்றாண்டு கூட நிரம்பாத சிறிய அமைப்புகளுக்குக் கணக்கு எழுதவும் சான்றிதழ் தயாரிக்கவும் மாவட்டத்துக்கு ஒரு கணக்காளரை அரசே அமர்த்தலாம். என் தொழிலைச் சேர்ந்த தணிக்கையாளர்களும் ஆளுக்கு ஓர் அறக்கட்டளையின் கணக்கைக் கட்டணமின்றிப் பார்த்துத் தருவது பெரிய சுமையாகாது. விருப்பம் உள்ளவர்கள் தங்கள் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தை அணுகி, எந்த அமைப்புக்கு உதவி தேவை என்று கேட்கலாம்.

முன்பணம் கொடுக்கக் காலம் போதாது என்ற பதிலும் இனிப் பொருந்தாது. 2017 முதல் மத்திய நிதிநிலை அறிக்கை பிப்ரவரி 1-ஆம் நாளே தாக்கல் செய்யப்படுகிறது. நிதியாண்டு பிறக்கும் ஏப்ரல் முதல் நாளிலிருந்தே துறைகள் பணத்தைச் செலவிடத் தொடங்க வேண்டும் என்பதற்காகவே இந்த மாற்றம் கொண்டுவரப்பட்டது. நம் விடுதிகள் ஜூன் மாதத்தில்தான் திறக்கின்றன. இடையில் இரண்டு மாதங்கள் முழுமையாக இருக்கின்றன. முந்தைய ஆண்டுக் கணக்கை ஒழுங்காக ஒப்படைத்த ஒரு நிறுவனத்தின் முதல் தவணையை விடுவிக்க அந்த இரண்டு மாதங்கள் போதும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.