ஃபயர்வாலை அணைக்காதீர்கள், லாகைத் திறந்து பாருங்கள்

வணக்கம் மக்களே. பாம்பனில் ஒரு நண்டு கம்பெனியில் இருந்து பேசுகிறேன், பின்னால் கேட்பது ஐஸ் உடைக்கிற மெஷின், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எடை போடுகிற இடத்தில் ஒரு லேப்டாப், உள்ளே கணக்குப் பார்க்கிற உபுண்டு கம்ப்யூட்டர். படகு கரைக்கு வந்து எடை போட்டதும் சீட்டு உள்ளே இருக்கிற ஷேர் ஃபோல்டரில் சேர வேண்டும். புது ரவுட்டர் மாட்டியதிலிருந்து சேரவில்லை. "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடுங்கண்ணே"ன்னு யாரோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், நெட்வொர்க் வழியாக வேண்டாதவர் கம்ப்யூட்டருக்குள் வராமல் தடுப்பதே ஃபயர்வால்தான். வருகிற போகிறவருக்கெல்லாம் வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த இடம் இது, படகுக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணக் கணக்கு மொத்தமும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

முதலில் லேப்டாப்பில் என்ன எர்ரர் வருகிறது என்று பாருங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று சட்டென வந்தால் பெரும்பாலும் அந்த போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள கதவில், எந்த புரோகிராமும் ஓடவில்லை என்று அர்த்தம், அப்போது ஃபோல்டரை ஷேர் செய்கிற புரோகிராமான சம்பா ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றிச் சுற்றி 'டைம்டு அவுட்' என்று நின்றால் ஃபயர்வால் மேல் சந்தேகப்படலாம், ஏனென்றால் உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யு, அனுமதி இல்லாமல் வருகிற பாக்கெட்டை (தகவல் துண்டை) வழக்கமாகப் பதிலே சொல்லாமல் தூக்கிப் போட்டுவிடும். இங்கே டைம்டு அவுட்தான்.

சரி, ஃபயர்வால் எதைத் தடுத்தது என்று எழுதி வைக்கிற பதிவுதான் லாக்: வார் ஃபோல்டருக்குள் லாக் ஃபோல்டர், அதற்குள் யுஎஃப்டபிள்யு லாக். வழக்கமாக யுஎஃப்டபிள்யு 445-ஆம் போர்ட்டில் தடுத்ததை லாகில் எழுதாது, ஆஃப்டர் டாட் ரூல்ஸ் ஃபைலில் 445-க்கான அந்த வரியை எடுத்துவிட்டால்தான் எழுதும், இங்கே எடுத்திருக்கிறது. இந்த வரியைப் பாருங்கள்: 'யுஎஃப்டபிள்யு பிளாக்', எஸ்ஆர்சி (அனுப்பியவர் முகவரி) 192.168.0.14, டிபிடி (போய்ச் சேர வேண்டிய போர்ட்) 445. யார் தட்டினார், எந்தக் கதவைத் தட்டினார், இரண்டும் இந்த ஒரே வரியில் இருக்கிறது. 445 சம்பாவின் போர்ட், 192.168.0.14 நம்ம லேப்டாப். அப்புறம் 'சூடோ யுஎஃப்டபிள்யு ஸ்டேட்டஸ் நம்பர்டு' அடித்தால், சம்பாவுக்கு அனுமதி ஏற்கெனவே இருக்கிறது! ஆனால் 192.168.1.0/24-க்கு, அதாவது 192.168.1 என்று தொடங்குகிற முகவரிகளுக்கு மட்டும். பழைய ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரி கொடுத்தது, புதுசு 192.168.0 என்று கொடுக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

புது முகவரிகளுக்கு அனுமதி கொடுக்க இதை அடியுங்கள்: 'சூடோ யுஎஃப்டபிள்யு அலவ் ஃப்ரம் 192.168.0.0/24 டு எனி ஆப் சம்பா'. எடைச் சீட்டு போய்விட்டது, பாருங்கள். பழைய விதியை அதன் நம்பரைக் கொடுத்து டெலிட் செய்துவிடுங்கள், ஒன்றை அழித்ததும் மற்ற நம்பர்கள் மாறும், அதனால் ஒவ்வொரு முறையும் ஸ்டேட்டஸ் பார்த்துவிட்டு அழியுங்கள்.

உங்களுக்கும் இதே சிக்கல் என்றால் அந்த பிளாக் வரியைக் கமெண்டில் போடுங்கள், எஸ்ஆர்சியும் டிபிடியும் போதும், வெளி ஐபி இருந்தால் மறைத்துவிட்டுப் போடுங்கள்.