ஒரே ஒருவர் வாழும் ஊரின் கணக்கு

வணக்கம்.

புள்ளிவிவரம் படிக்கும் பிள்ளைகளும், கிராமங்களைப் பற்றிக் கவலைப்படுகிற பெரியவர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற அரங்கு இது. இரண்டு பேருக்கும் பொதுவான ஓர் ஊரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் பாய்ட் கவுண்டி என்று ஒரு மாவட்டம். அதற்குள் மொனோவை என்று ஒரு கிராமம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த ஊரின் மக்கள்தொகை 1. தனி ஊராட்சி உள்ள ஊர் அது. அதன் மேயர், எழுத்தர், பொருளாளர், நூலகர், மதுக்கூடத்தின் முதலாளி எல்லாம் ஒரே அம்மாள்: எல்சி ஐலர்.

எப்போதும் அப்படி இருந்த ஊரில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் வந்தது, அதையொட்டி ஊர் வந்தது. 1930களில் சுமார் 150 பேர் இருந்திருக்கிறார்கள். மூன்று மளிகைக் கடை, தபால் நிலையம், பள்ளிக்கூடம், மரத்தாலான ஒரு சிறிய தேவாலயம். அப்புறம் டிராக்டர் வந்தது. நான்கு குடும்பம் உழுத நிலத்தை ஒரு குடும்பமே பார்த்துக்கொள்ள முடிந்தது. நிலம் கைமாறிப் பெரிய பண்ணைகளாகச் சேர்ந்தது. பள்ளி முடித்த பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்குப் போனார்கள், திரும்பவில்லை. 1960-ல் அந்தத் தேவாலயத்தில் கடைசியாக ஒரு இறுதிச் சடங்கு நடந்தது. இறந்தவர் எல்சியின் தந்தை. 1960களின் இறுதியில் தபால் நிலையமும் கடைசி மளிகைக் கடையும் மூடப்பட்டன. 1974-ல் பள்ளி. 2000 கணக்கெடுப்பில் மீதி இருந்தது எல்சியும் கணவர் ரூடியும் மட்டும். 2004-ல் ரூடி காலமானார்.

மொனோவைக்கு மட்டும் நேர்ந்ததில்லை இது. பாய்ட் கவுண்டியிலேயே 1910-ல் 8,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். 2020-ல் 2,000 பேர்கூட இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். எந்த ஊரை எடுத்தாலும் அரசின் அட்டவணை மூன்று விஷயம் சொல்லும்: எத்தனை பேர், எத்தனை வீடு, எவ்வளவு வருமானம். ஊர் பெரிதாக இருக்கும்வரை இந்த எண்கள் ஒழுங்காக நடந்துகொள்கின்றன. ஊர் சின்னதாக ஆக ஆக அவற்றின் அர்த்தமே மாறிப்போகிறது.

வருமானத்தையே பாருங்கள். பத்து வீடுள்ள ஊர் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்பது வீட்டுக்கு ஆண்டுக்கு 40,000 டாலர். ஒருவர் பெரிய மாட்டுப்பண்ணைக்காரர், அவருக்கு 5 லட்சம். சராசரி போட்டால் வீட்டுக்கு 86,000 என்று வரும். அந்தத் தொகையை ஈட்டும் வீடு ஒன்றுகூட அந்த ஊரில் கிடையாது. அதனால்தான் வரிசையில் நடுவே நிற்கும் வீட்டின் வருமானத்தை, அதாவது இடைநிலை வருமானத்தைச் சொல்கிறார்கள். இங்கே அது 40,000. ஊரின் நிலைமையை அது சரியாகவே காட்டுகிறது. இப்போது மொனோவைக்கு வாருங்கள். அங்கே சராசரி, இடைநிலை, மொத்தம் எல்லாம் ஒன்றே. அந்த எண்ணை அச்சிட்டால் ஒரு மூதாட்டியின் வங்கிப் புத்தகத்தைத் தெருவில் விரித்துவைத்த மாதிரி.

சிற்றூர்களின் வருமான எண் அமெரிக்காவில் இப்போது முழுக் கணக்கெடுப்பிலிருந்து வருவதும் இல்லை. ஆண்டுதோறும் நாடு முழுவதும் சுமார் 35 லட்சம் முகவரிகளைத் தேர்ந்து கேட்கும் மாதிரி ஆய்விலிருந்து, ஐந்தாண்டுத் தகவலைச் சேர்த்து எடுக்கிறார்கள். ஐந்தாறு வீடுள்ள ஊரில் அந்த ஆய்வு கதவைத் தட்டிய வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே எண்ணுக்குப் பக்கத்திலேயே பிழை வரம்பு என்று இன்னோர் எண் இருக்கும்: உண்மை அதைவிட எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அது சொல்லும். சில ஊர்களில் அந்த வரம்பு மதிப்பீட்டு அளவுக்கே பெரிதாக இருக்கும். பிள்ளைகளே, அந்த இரண்டாவது எண்ணைப் படிக்காமல் முதல் எண்ணை எங்கும் எடுத்து எழுதாதீர்கள். ‘இந்த ஊர் ஏழை, அந்த ஊர் பணக்கார ஊர்’ என்று எத்தனையோ தவறான பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

வீட்டுக் கணக்கில் என் மனதைத் தொட்ட விதி ஒன்று உண்டு. காலி வீட்டையும் அமெரிக்கக் கணக்கெடுப்பு வீடு என்றே எண்ணும். ஆள் போய் முப்பது வருடம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. கூரை, சுவர், கதவு, சன்னல் இவை மழையையும் காற்றையும் தடுக்கிறவரை அது வீடு. கூரை திறந்துகொண்டு மழை உள்ளே இறங்க ஆரம்பித்ததும் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மொனோவையில் புல் மூடிக் கிடக்கும் பழைய வீடுகளின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விதிதான் நினைவுக்கு வரும். ஒரு நல்ல மழைக்காலம் போதும், எண் ஒன்று குறைய.

இனி எந்த அட்டவணையிலும் வராத சில விஷயம். ஊர் ஊராட்சியாக நீடிக்க வேண்டுமானால் அரசுக்குத் தாள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எல்சி ஆண்டுதோறும் சாலைத் திட்டம் எழுதி மாநிலத்துக்கு அனுப்பினார், அப்போதுதான் நிதி வரும். ஊரில் நான்கு தெருவிளக்கு எரியவும் குழாயில் தண்ணீர் வரவும் ஆண்டுக்குச் சுமார் 500 டாலர் வரி விதித்து, தானே கட்டினார். மதுக்கூட உரிமத்துக்குக் கடைக்காரராக விண்ணப்பம் எழுதுவார், ஊரின் சார்பில் அதே கையால் ஒப்புதல் தருவார். ஏன் இவ்வளவு? அந்த மதுக்கூடத்துக்குச் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் பல மைல் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். காப்பியும் பர்கரும் சாப்பிட்டு, மாட்டு விலை பேசி, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருவர் மட்டும் குடியிருக்கும் ஊர், அந்த வட்டாரத்துக்கே திண்ணையாக இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு சிறிய கொட்டகையில் ரூடி சேர்த்த சுமார் 5,000 புத்தகங்கள். நூலகம் அமைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் போன பிறகு எல்சி திறந்துவைத்தார்.

2020 கணக்கெடுப்பில் மொனோவையின் மக்கள்தொகை 2 என்று வந்தது. எல்சியோ தனியாகத்தான் இருந்தார். யாரும் குடிவரவில்லை. கணக்கெடுப்புத் துறை வேண்டுமென்றே செய்த மாற்றம் அது. மாநிலத்தின் மொத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சிறிய இடங்களின் எண்களைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் வெளியிட்டார்கள். கணினியும் பிற தகவல் தொகுப்புகளும் கையில் இருந்தால், அட்டவணையிலிருந்தே தனி ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிட முடியும் என்பதால். சிற்றூர்களைப் பற்றி ஆராய்கிறவர்கள் இதனால் வருத்தப்படுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது: இரண்டு பேர் ஊரில் ஒருவர் கூடினால் கணக்கே தலைகீழ். ஆனாலும் நான் துறையின் பக்கம்தான் நிற்பேன். உன் விவரம் வெளியே தெரியாது என்று, நம்பித் தாளை நிரப்பிக் கொடுத்த ஒருவருக்குச் சட்டம் கொடுத்த வாக்கு அது. ஊரில் ஒருவரே இருந்தாலும் அந்த வாக்கு செல்ல வேண்டும்.

தனி ஆளின் கணக்கெடுப்புத் தாளை 72 ஆண்டுகள் யாருக்கும் காட்ட மாட்டார்கள். 1950-ன் தாள்கள் 2022-ல்தான் திறந்தன. 2010-ன் தாள்கள் 2082-ல் திறக்கும். அந்த முறை கேட்டது பத்தே கேள்வி. வருமானம் அதில் கிடையாது. அன்றைக்கு மொனோவையின் பக்கத்தைத் தேடி எடுக்கிறவருக்கு ஒரு பெயர், ஒரு வயது, வீடு சொந்தமா வாடகையா என்பதற்கு ஒரு குறி, அதற்குக் கீழே நிரப்பாமல் விட்ட வரிசைகள் கிடைக்கும்.