குனிந்தால் விசுவாசம் குறையுமா?

(சபை இளைஞர் நாள் கூட்டத்தில் பேசியது)

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, சபை மூப்பர்களே, பொன்னாடை போர்த்திய பொருளாளர் அண்ணன் அவர்களே, மைக் இரையும்போதெல்லாம் ஓடி வருகிற தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

கராத்தே பிறந்த ஜப்பானியத் தீவு ஒக்கினாவா. அங்கே கராத்தே ஆசிரியர் ஒருவர் கிறிஸ்தவராக வாழ்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். கராத்தேயில் குனிந்து வணங்குவது அந்நிய வழிபாடு என்று நம் சபையிலேயே ஒரு பேச்சு இருக்கிறதே, அதற்கும் இதுதான் பதில். வரலாறு, வணக்கம், போர் என மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது நம் பழமொழி. சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்வார்கள் என்கிறது மலைப்பிரசங்கம். கராத்தேயில் முதல் அடி நம்முடையதல்ல என்பார்கள். இந்த மூன்று சொல்லும் ஒன்றுதான்.

1846இல் பெட்டல்ஹைம் என்ற மருத்துவர் ஒக்கினாவாவின் நாஹா துறைமுகத்தில் வந்து இறங்கினார். ஹங்கேரி யூதர், கிறிஸ்தவரானவர், பிரிட்டிஷ் மிஷன் அனுப்பியவர். அங்கே அப்போது கிறிஸ்தவத்துக்குத் தடை. போகச் சொன்னார்கள், அவர் போகவில்லை. மனைவி மக்களோடு நேராக கொகோகுஜி என்ற புத்தர் கோயிலில் குடியேறிவிட்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எட்டு வருஷம்! (சிரிப்பு) வாசலில் காவல். தெருவில் இறங்கினால் கூடவே காவலர்கள். சந்தையில் பிரசங்கம் ஆரம்பித்தால் கூட்டம் கலைந்துவிடும். அந்தக் கோயில் இருந்த நாமினோவே பகுதியின் பெயரைச் சேர்த்து, ‘நாமினோவே மூக்குக்கண்ணாடி’ என்று ஊரே பட்டப்பெயர் வைத்தது. அடி வாங்கிய நாளும் உண்டு. இவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அரசாங்கம் பிரிட்டனுக்கு மனு மேல் மனு போட்டது. மனிதர் அசரவில்லை. அந்த ஊர் மொழியைக் கற்று லூக்காவையும் யோவானையும் மொழிபெயர்த்தார். அம்மை குத்தும் முறையை உள்ளூர் வைத்தியர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பொறுத்தார் பூமி ஆள்வார்! (கைதட்டல்)

அதே காலத்தில் ஒக்கினாவா அரசரின் சுரி அரண்மனையில் இருந்த கராத்தே ஆசான் மாட்சுமுரா சோகோன். அவருடைய மாணவர் இத்தோசு அன்கோ 1908இல் ஒரு கடிதம் எழுதினார். கராத்தே பௌத்தத்திலிருந்தோ கன்பூசியத்திலிருந்தோ வந்ததில்லை என்றுதான் அதைத் தொடங்குகிறார். மூப்பர்களே, இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வணக்கம். பயிற்சிக்கூடத்தின் முன்சுவரில் பழைய ஆசானின் படம் மாட்டியிருக்கும். வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் வரிசையாக மண்டியிட்டு, கைகளைத் தரையில் ஊன்றிக் குனிவார்கள். அது ஆசானுக்குச் செய்யும் மரியாதை. ஒக்கினாவா கிறிஸ்தவருக்கு உண்மையான சிக்கல் வீட்டில் இருக்கிறது. முன்னோர் பெயர்ப்பலகைகளைப் பூசித்துக் காப்பது அங்கே மூத்த மகனின் கடமை. அந்த மகன் ஞானஸ்நானம் எடுத்துவிட்டால் சொந்தபந்தமே பேசாது. அவ்வளவு பெரிய பிரச்சினை அவர்களுக்கு. நமக்கோ பத்து வயசுப் பிள்ளை குனிவதே விக்கிரகாராதனையாகத் தெரிகிறது!

சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பெண் பிள்ளைகளுக்குச் சாயங்கால கராத்தே வகுப்பு நடத்த ஒரு மண்டபம் கேட்டோம். அந்நிய வழிபாடு என்று கமிட்டியில் மறுத்துவிட்டார்கள். அதே மண்டபம் கல்யாண விருந்துக்கு வாடகைக்குப் போகிறது. டியூஷன் முடிந்து இருட்டில் சைக்கிளில் வரும் பிள்ளைக்கு, கையைப் பிடித்தால் உதறிவிட்டு ஓடவாவது தெரிய வேண்டாமா? பொறுத்தார் பூமி ஆள்வார், சரி. அதற்காகப் பிள்ளைகளுமா பொறுக்க வேண்டும்?

மூன்றாவது, 1945 போர். ஒக்கினாவாவில் நாலில் ஒருவரைக் கொன்ற போர். ஆயர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், இன்னொரு கூட்டத்தில் சொல்கிறேன். வாசலில் மேசை மேல் அந்த மண்டபம் கேட்கும் மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய் டீ குடியுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டியிடம் கொடுக்கிறோம். நகர்மன்றத் தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.